அம்மாவின் கிட்னியும் பி.கே. வைரஸும்

2016இல் அம்மா எனக்குக் கிட்னி கொடுத்தார். எட்டு மாதம் நிம்மதியாகப் போனது. அப்புறம், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு 1.2இலிருந்து 1.9க்கு ஏறியது. உடம்பு கிட்னியை ஏற்க மறுக்கிறதோ என்று பயந்து பயாப்ஸி எடுத்தார்கள். அது இல்லை, பி.கே. வைரஸ் என்று வந்தது.

பெயரைக் கேட்டு ஏதோ புது நோய் என்று நினைத்தேன். 1970இல் லண்டனில், கிட்னி மாற்றிக்கொண்ட ஒருவரின் சிறுநீரில் கண்டெடுத்த வைரஸ் அது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.கே. பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். தொற்றியதே தெரியாது. கிட்னியிலும் சிறுநீர்ப்பாதையிலும் சத்தமில்லாமல் ஒண்டிக் கிடக்கும். கிட்னி மாற்றிக்கொண்ட நாங்கள் டேக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் என்று விழுங்கி எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறோமே, அப்போது தலைதூக்கும். அதைக் கொல்லத் தனி மருந்து கிடையாது, இந்த மாத்திரைகளைக் குறைப்பதுதான் வைத்தியம். குறைத்தாலும் கிட்னிக்கு ஆபத்து, குறைக்காவிட்டாலும் ஆபத்து. எனக்கு ஒன்றைப் பாதியாக்கினார்கள். கிரியாட்டினின் 1.6இல் நின்றது.

2021இல் ஒருநாள் காலை, கழிவறையில் தண்ணீர் செம்பருத்தி ஊறிய நிறத்தில் இருந்தது. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. மத்தியானம் பார்த்தால் தெளிவாகவே போனது. பக்கத்து கிளினிக்கில் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மறுபடி ரத்தம், மறுபடி ஆன்டிபயாட்டிக். சிறுநீரில் செல் பரிசோதனை செய்ததில் மாறுபட்ட செல்கள் தெரிந்தன. இங்கேதான் பி.கே. குழப்பிவிட்டது. அந்த வைரஸ் புகுந்த செல், புற்றுச் செல் மாதிரியே வேஷம் கட்டும். ‘டீகாய் செல்’ என்றே அதற்குப் பெயர். எனக்கு ஏற்கெனவே பி.கே. இருந்ததால், இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் வீணாகப் போனது.

கடைசியில் ஒரு யூராலஜிஸ்ட், “உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம்” என்றார். மரத்துப்போக ஜெல்லி போட்டு, சிறுநீர்ப்பைக்குள் ஸ்கோப்பை விட்டார். திரையில் ரோஸ் நிறச் சுவர், அதில் ஓரிடத்தில் கடல்பாசி மாதிரி ஒன்று தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதைச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாய் உள்ள கதீட்டர் வழியாக சலைன் உள்ளே போய் வெளியே வந்தபடி இருந்தது. வெளியே சிறுநீர் சேரும் பை நன்னாரி சர்பத் நிறத்திலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வர ஒன்றரை நாள். சிறுநீர்ப்பைப் புற்றுதான். நல்லவேளையாக, கட்டி தசை வரை போகவில்லை. வழக்கமாகச் சிலருக்கு பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். அது உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் எனக்கு வேண்டாம் என்று மைட்டோமைசின் கொடுத்தார்கள்.

சரி, எனக்கு ஏன் வந்தது? சிகரெட்டைத் தொட்டதில்லை. திருப்பூர்க்காரன் என்பதால் சாயப்பட்டறையில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். நான் பள்ளிக்கூட வாத்தியார். நானே பி.கே.வைப் பற்றி ஆரம்பித்தேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளது’ என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது, உறுதி என்று சொல்லவில்லை. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீர்ப்பாதைச் செல்களுக்குள் பி.கே.வை விட்டுப் பார்த்தார்கள். வைரஸை எதிர்க்க வேண்டிய அப்போபெக் என்சைம்கள் செல்லின் டி.என்.ஏ.வையே சிதைத்தன. சிறுநீர்ப்பைப் புற்றில் அந்த என்சைமின் தடம் நிறையவே காணப்படுகிறது.

என் கட்டியிலும் பார்த்துவிடுவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். லேப்பில் எழுதிக் கொடுத்து பிளாக்கை வாங்கினேன். மெழுகில் பதித்த சதைத்துணுக்கு, தீப்பெட்டியைவிடச் சின்னது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். எஸ்.வி.40 என்ற சாயப் பரிசோதனை. குரங்கு வைரஸின் பெயர்தான், ஆனால் பி.கே.வையும் காட்டிக்கொடுக்கும். முடிவு நெகட்டிவ்.

“அப்போ வைரஸ் காரணம் இல்லையா டாக்டர்?”

“வந்து கெடுத்துட்டுப் போயிருக்கலாம். சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இதை வெச்சு ரெண்டையும் சொல்ல முடியாது.”

வீட்டில் அம்மா ரொம்ப நாளாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். “அந்த வைரசு எங்கிட்ட இருந்து வந்ததுதானா கண்ணு?” கொடுத்தவரின் கிட்னியோடு பி.கே. வருவது சகஜம் என்று நான் படித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பிரித்து, நெகட்டிவ் என்ற வரியை மட்டும் தமிழில் சொன்னேன். “இன்னொருக்கா படி” என்றார். படித்தேன்.