பிஸ்கட் டின்னுக்குள் ஒரு தேதி

அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தால் மேலே எங்கள் பிறப்புப் பத்திரங்கள், நடுவில் அப்பாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு நாலைந்து, எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட வீட்டு கிராண்டு, அதாவது உரிமைப் பத்திரம். அதை யாரும் படித்ததில்லை. ஃபிளாட்டுக்குத் தனி கிராண்டு வரவே இருபது வருஷம் இழுத்தது (வீடு கட்டிய கம்பெனியை இங்கே திட்டினால் பதிவு நீண்டுவிடும்), வந்த சந்தோஷத்தில் மஞ்சள் தடவி உள்ளே வைத்ததோடு சரி.

போன மாதம் தம்பி வீட்டை விற்கப் பார்த்தான். ஆளும் கிடைத்தார், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப வசதி என்று அவருக்கும் பிடித்துப்போனது. அப்புறம் பேங்க் லோன் தரவில்லை. நிலத்தின் குத்தகைத் தவணையில் பாக்கி இருக்கிற வருஷம் குறைவாம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில்தான் வரமாட்டேன் என்கிறது) இதைக் கேட்டுத் திகைக்காத வீடு குறைவு.

டின்னைக் கவிழ்த்து கிராண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'தாராஃப் பெகாங்கான்' (எந்த வகை உரிமை) என்ற இடத்தில் 99 வருஷ பஜாக்கான், அதாவது குத்தகை, முடியும் தேதி 2084. அப்பா தோட்டத்து லயத்தை விட்டு இங்கே வந்தது 1994-ல், மலிவு விலை வீடு 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்ற காலம். எங்களுக்குச் சாவி வந்த நாளிலிருந்துதான் 99 என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. மாநில அரசு நிலத்தை 1985-ல் கொடுத்த அன்றே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் பெட்டியோடு படியேறும்போதே ஒன்பது வருஷம் போயிருந்தது.

நில விவகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தவணை முடிந்தால் நிலம் திரும்ப அதனிடம்தான் போகும், தானாகப் புதுப்பித்துத் தருவார்கள் என்று எழுதிய சட்டம் கிடையாது. ஆனால் முடியும் முன்பே நீட்டிக் கேட்கலாம். முன்பெல்லாம் நிலத்தை ஒப்படைத்து மறுபடி வாங்குகிற சுற்றுவழிதான். 2017 ஜனவரியிலிருந்து தேசிய நிலச் சட்டத்தின் 90ஏ பிரிவில் நேராக விண்ணப்பம் போடலாம். அரசு சரியென்றால் அதற்குப் பிரிமியம் என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும், நிலத்தின் விலையையும் கூட்டுகிற வருஷத்தையும் பார்த்துப் போடுவார்கள். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். பக்கத்துத் தெருத் தரைவீட்டு அண்ணன் மட்டும் சிலாங்கூர் அரசு கொண்டுவந்த, முதலில் ஆயிரம் வெள்ளி மட்டும் கட்டி நீட்டிக்கொள்கிற திட்டத்தில் முடித்துவிட்டார். தான் குடியிருக்கிற வீடாக இருக்க வேண்டும், விற்கும்போது மீதிப் பிரிமியத்தைக் கட்ட வேண்டும் என்றார்.

சரி, நாமும் அப்படியே போடலாம் என்றால் ஃபிளாட்டில் அது நடக்காது. எண்பது வீட்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நிலம், தவணை முடிகிற நாளும் ஒன்று. 'என் வீட்டுக்கு மட்டும் நீட்டிக் கொடுங்கள்' என்று யாரிடம் போய்க் கேட்பது? மேனேஜ்மென்ட் வழியாக எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். போன ஞாயிறு கூட்டம் போட்டோம், வந்தது பதினொரு பேர். அதிலும் மூன்று பேர் லிஃப்ட் ரிப்பேர் பற்றிக் கேட்க வந்தவர்கள்.

"2084-ல நான் எங்கடா இருப்பேன்?" என்று அம்மா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. இந்த வீட்டை விற்ற பணம்தான் அவன் புது வீட்டுக்கு முன்பணம்.

நேற்றுச் சாயங்காலம் பேர் எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன். அம்மா வாசல் வரை வந்து, "மூணாவது மாடி அக்கா ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கும், பத்து மணிக்கு மேல தட்டு" என்றார். பத்தேகாலுக்குத் தட்டினேன். சீருடைகூட மாற்றவில்லை, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, "கிராண்டு எங்க வச்சேன்னு தேடணும்மா" என்றார்.