102 கார்டும் 70 ஹெச்பியும்

கோடை லீவுக்கு அக்கா பையன் சத்துவாச்சாரிக்கு வந்திருந்தான், ஏழாங்கிளாஸ் முடிச்சிருக்கான், பேக்ல ஒரு டப்பா நெறய போக்கிமான் கார்டு, எல்லாம் எதோ ஒரு பேன்ஸி ஸ்டோர்ல வாங்குன டூப்ளிகேட். ஒண்ணுல ஹெச்பி, அதாவது எவ்ளோ அடி தாங்கும்ன்ற நம்பர், ரெண்டாயிரம்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல அட்டாக் இருக்கற எடத்துல வெறும் கோடு. இத வச்சிக்கினு எப்டிடா ஆடுவீங்கன்னு கேட்டேன். "பெரிய நம்பர் வச்சிருக்கறவன் ஜெயிப்பான் மாமா"ன்னான். எனக்கு மனசு கேக்கவே இல்ல, இவ்ளோ அழகான ஆட்டத்த ஒருத்தரும் இவனுக்கு சொல்லித் தரலியேன்னு.

அதனால முதல் செட், பேஸ் செட்டு, அத மட்டும் வச்சி ஆடலாம்னு முடிவு பண்ணேன். ஜப்பான்ல 1996, இங்கிலீஷ்ல 1999 ஜனவரி. மொத்தமே 102 கார்டு: சண்ட போடற போக்கிமான் 69, உதவிக்கு போடற ட்ரெய்னர் 26, அடிக்கறதுக்கு வேண்டிய எனர்ஜி 7, அவ்ளோதான். எல்லாத்தையும் கலர் ப்ரிண்ட் எடுத்து வெட்டி, பழைய சீட்டுக்கட்டு மேல வச்சி ஸ்லீவ்ல சொருவினோம், ரெண்டு நாள் வேலை. வேலூர் மே மாசத்துல பகல்ல ஃபேன் இல்லாம உக்கார முடியாது, ஃபேன் போட்டா கார்டு பறக்குது, அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மொட்டை மாடியில பாய் விரிச்சி ஆட்டம்.

அவன் கட்டுன முதல் டெக்க, ஆடறதுக்கு சேத்து வைக்கற 60 கார்டு கட்ட, பாக்கணும். சாரிஸார்ட், ப்ளாஸ்டாய்ஸ், வீனஸார், அலகஸாம், நாலு குடும்பமும் உள்ள, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு. அப்போ பேசிக் போக்கிமான், அதாவது குடும்பத்துல முதல்ல நேரா எறக்கற சின்னது, மொத்தம் எட்டுதான். 60 கார்டுல எட்டு பேசிக்னா முதல் ஏழு கார்டுல ஒண்ணு கூட வராம போறதுக்கு 35 சதவீதம், அதாவது மூணு ஆட்டத்துக்கு ஒரு தடவ கைய காமிச்சிட்டு திரும்ப கலைக்கணும். என் டெக்குல ஹிட்மோன்சான் 4, எலெக்டாபஸ் 4, சான்சி 2, எனர்ஜி 16, மீதி 34ம் ட்ரெய்னர். "மாமா பாதிக்கு மேல போக்கிமானே இல்லியே"ன்னு பாவமா பாத்தான்.

அந்த 34ல தான் விஷயமே இருக்கு. இப்ப மாதிரி ஒரு டர்னுக்கு ஒரு சப்போர்ட்டர் (ட்ரெய்னர்ல ஒரு வகை) தான்ற கட்டுப்பாடு அப்போ கிடையாது, பில் போட்டு ரெண்டு கார்டு, புரொபசர் ஓக் போட்டு கைய தூக்கி போட்டுட்டு புதுசா ஏழு, திரும்ப பில், எல்லாம் ஒரே டர்ன்ல. இவ்ளோ கம்மி கார்டு இருக்கற செட்டுல ஒரு நல்ல கார்டுக்கு பதிலா இன்னொண்ணு கிடைக்காது, நாலு காப்பிதான் வைக்கலாம், அந்த நாலுல ஒண்ணு முதல் ஏழுல வர்றதுக்கு 40 சதவீதம்தான் சான்ஸ். மிச்சத்த இழுத்துதான் எடுக்கணும், அதுக்குத்தான் இத்தன ட்ரெய்னர்.

மூணாவது ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அவனுக்கு சாரிஸார்ட் எறங்கிடுச்சி, 120 ஹெச்பி, ஹிட்மோன்சான் ஜேப் 20 அடிச்சா சாரிஸார்டுக்கு ஃபைட்டிங் ரெசிஸ்டன்ஸ், அந்த அடியில 30 கொறஞ்சிடும், ஒண்ணுமே ஏறல. அதோட எனர்ஜி பர்ன் பவர்ல எந்த எனர்ஜியும் ஃபயரா மாறும், அப்போ டபுள் கலர்லெஸ், ஒரே கார்டுல ரெண்டு எனர்ஜி, அத ரெண்டு வச்சா நாலு ஃபயர், 100 டேமேஜ். பையன் சரியா கண்டுபிடிச்சி ஒண்ணு வச்சிட்டான், அடுத்த டர்னுக்கு காத்துக்கினு இருக்கான். நான் எனர்ஜி ரிமூவல் போட்டேன். அவன் வச்ச எனர்ஜிய தூக்கிடும், ஒரே கார்டு, அவனோட பாதி வேலை போச்சு. அவன் எதுவும் பேசல, அந்த டபுள் கலர்லெஸ்ஸ எடுத்து கொஞ்ச நேரம் கையிலயே வச்சிக்கினு இருந்துட்டு அப்புறம்தான் டிஸ்கார்டுல போட்டான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 102 கார்டயும் ஹால்ல தரையில பரப்பிட்டான். நான் எதுவும் சொல்லல. பதினோரு மணிக்கு வந்து, "மாமா, ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிதான்றதாலதான நீ எடுத்துட்டா எனக்கு வலிக்குது, ப்ளாஸ்டாய்ஸ் வச்சா எத்தன வாட்டர் வேணா ஒரே டர்ன்ல வைக்கலாம் இல்ல"ன்னான். ரெய்ன் டான்ஸ், ப்ளாஸ்டாய்ஸோட அந்த பவருக்கு பேரே அதான்! 1999ல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கட்டுன டெக், இவன் தானா வந்து சேர்ந்துட்டான். எதிராளி கையில என்னென்ன இருக்க முடியும்னு மொத்தமா தெரிஞ்சா மட்டுந்தான் இப்டி யோசிக்க முடியும், ஆயிரக்கணக்குல கார்டு இருந்தா ஏழாங்கிளாஸ் பையன் எங்க உக்காந்து யோசிக்கறது.

அடுத்த நாள் சாயங்காலம் புது டெக்கோட வந்தான், ப்ளாஸ்டாய்ஸோட பேசிக்கான ஸ்குவர்ட்டில் 4, சான்சி 4, நடுவுல இருக்கற கட்டத்த தாண்ட வைக்கற போக்கிமான் ப்ரீடர் 4. முன்னாடி சான்சி 120 ஹெச்பியோட அடி வாங்க நிக்குது, பின்னாடி பெஞ்சுல ரெண்டு ஸ்குவர்ட்டில். ஸ்குவர்ட்டில்க்கு 40 ஹெச்பிதான், நான் கஸ்ட் ஆஃப் விண்ட் போட்டு ஒண்ண முன்னாடி இழுத்து, ஜேப் 20, ப்ளஸ்பவர் ரெண்டு, சரியா 40, காலி. அவன் அசரல. இன்னொரு ஸ்குவர்ட்டில முன்னாடி வச்சான், ப்ரீடர் போட்டு நேரா ப்ளாஸ்டாய்ஸ், ஓக் போட்டு ஏழு கார்டு, அதுல இருந்து அஞ்சு வாட்டர், பட்டு பட்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணு. ஹைட்ரோ பம்ப் 60. ஹிட்மோன்சானுக்கு 70, எலெக்டாபஸ்ஸுக்கும் 70. பத்து பத்தலன்னு நான் மூச்சு விடறதுக்குள்ள ஒரு ப்ளஸ்பவர கீழ வச்சான்.

"இதுக்குன்னே நாலு வச்சேன் மாமா, உன் ஆளுங்க ரெண்டு பேருக்கும் 70தான."

அவங்கம்மாகிட்ட கூட இவ்ளோ பெருமையா சொன்னதில்ல நான், அன்னிக்கு போன் பண்ணி சொன்னேன். அடுத்து நான் எனர்ஜி ரிமூவல் போட்டேன், போனா போவுதுன்னு அடுத்த டர்ன்ல ரெண்டு வச்சிக்கினான், அந்த ஆட்டம் அவனுக்குத்தான்.

அடுத்த லீவுக்கு ஜங்கிள் செட்ட சேக்கறோம். 64 கார்டு, அதுல 16 ஹோலோவாவும் சாதாவாவும் ரெண்டு தடவ வரும், நெஜமா புதுசு 48. ஸைத்தர் வருது, அதுக்கும் 70 ஹெச்பி, பின்வாங்க எனர்ஜியே வேணாம். ப்ரிண்டுக்கு குடுத்தாச்சு, ஸ்லீவ்தான் இன்னும் வாங்கணும்.