ஓட்டில்லாத வீட்டுக்கு வந்த வாத்தியார்

கனடா போய் இரண்டு வருடம் கழித்து, லீவில் தூத்தூர் வந்திருக்கிறேன். குமரி மேற்குக் கடற்கரையில் சாயங்காலம் என்றால் கால்பந்துதான். மைதான ஓரத்தில் எங்கள் பழைய பி.டி. சார் உட்கார்ந்திருந்தார். பத்துப் பைசா வாங்காமல் எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் சொல்வதற்கென்றே ஒரு கதை வைத்திருந்தேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் என் மகன் முதல் மூன்று மாதம் பள்ளியில் வாயே திறக்கவில்லை. அவனைக் கால்பந்து அணியில் சேர்த்துப் பேச வைத்தவர் அவனுடைய கணக்கு வாத்தியார். அங்கேயும் பள்ளி முடிந்தபின் பயிற்சி கொடுக்க வாத்தியார்களுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. 2025 பிப்ரவரியில் மாகாணத் தேர்தல் வந்தது. பனி முழங்கால் வரை. கதவைத் தட்டினார்கள், திறந்தால் அவர்! வேட்பாளராக நின்றிருக்கிறார்.

"எனக்கு ஓட்டு இல்லை, பி.ஆர். மட்டும்தான்" என்றேன். பி.ஆர். என்றால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி; குடியுரிமை இருந்தால்தான் அங்கே ஓட்டு. சரி என்று கிளம்பிவிடுவார் என நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். என் மனைவி நாகர்கோவிலில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். கனடாவில் நர்ஸ் பதிவு கிடைக்காமல் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளியும் ஆஸ்பத்திரியும் மாகாண அரசின் பொறுப்பு என்பதால், அரைமணி நேரம் அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

"ஜெயிச்சாரா?" என்றார் சார்.

"தோத்துட்டார் சார். மறுவாரமே வகுப்புக்கு வந்துட்டார்."

சார் என்னை நம்பாமல் பார்த்தார். நம் ஊரில் அரசுப் பள்ளி வாத்தியார் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். மகனின் வாத்தியாரோ சம்பளமில்லா விடுப்பில் போய் வந்தார். வாத்தியார்கள் ஜெயிப்பதும் அங்கே புதிதில்லை. பள்ளித் தலைமையாசிரியராக இருந்த டேவ் லெவாக், பிராண்ட் தொகுதியில் 1999 முதல் 2018 வரை உறுப்பினர். 2011 முதல் 2018 வரை ஒன்டாரியோ சட்டமன்ற சபாநாயகராகவும் இருந்தார்.

தோற்ற பிறகும் எங்கள் வாத்தியார், நர்ஸ் பதிவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கைப்பட எழுதி மகனிடம் கொடுத்தனுப்பினார். அந்தத் தாளை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"மக்களே, அவரு திரும்பவும் நிப்பாரா?"

"நிப்பேன்னுதான் சொன்னார் சார்."

"அப்ப உனக்கு ஓட்டு இருக்குமா?"

குடியுரிமை கேட்க அங்கே 1,095 நாள் இருந்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"இருக்கும் சார்."