கை கட்ட வேண்டியது நான்தான்

பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சின்னது கீழே, பெரியது மேலே. நாலாவது கட்டையை வைத்ததும் சரிந்தது. மறுபடி அதே வரிசை, மறுபடி சரிவு. மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. "பெரிசைக் கீழே வைக்கணும் கண்ணு" என்று நானே அடுக்கிக் காட்டினேன். கோபுரம் ஆடாமல் நின்றது. அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டான். அன்று முழுக்கக் கட்டைகளைத் தொடவே இல்லை.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற திருப்திதான். மதியம் மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார்: "அவன் கோபுரம் கட்டலைம்மா. அது ஏன் விழுதுன்னு பாத்துட்டிருந்தான்."

அந்தக் கட்டைகளை அப்புறம்தான் நான் ஒழுங்காகக் கையில் எடுத்துப் பார்த்தேன். கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை வடிவமைத்த வகை அவை. தடிமன் ஒரு பங்கு என்றால் அகலம் இரண்டு, நீளம் நான்கு. இரண்டு சின்னக் கட்டைகளைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம் சரியாக வரும். 'பாதி' என்ற சொல்லே தெரியாத பிள்ளை, பெரிய கட்டை தீர்ந்துபோனால் இரண்டு சின்னதை எடுத்து வைத்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பின்னத்தைப் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்க இன்னும் பல வருடம் இருக்கிறது. கைக்கு அது இப்போதே தெரிந்திருக்கிறது.

1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தன் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். அவருடைய சாதனங்களில் எனக்குப் பிடித்தது உருளைக் கட்டை. பத்துக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் பத்து உருளைகள். ஒன்றை மாற்றி வைத்துவிட்டால் கடைசி உருளை மிச்சமிருக்கும் குழிக்குள் சேராது. தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த உருளையே சொல்லிவிடும். முதல் வாரம் சரிந்த கோபுரமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது? நடுவில் புகுந்து பேசியது நான்.

சொன்னால் மட்டும் போதாது என்பதை எனக்கு நன்றாகக் காட்டியது தண்ணீர்த் தொட்டி. ஒரே மாதிரி இரண்டு குட்டைத் தம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். நாலு வயதுப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அவள் கண்முன்னே ஒன்றை ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றினேன். "இதுல நிறைய இருக்கு." திரும்பக் குட்டைத் தம்ளரில் ஊற்றினேன். "இப்ப சரியாயிடுச்சு மிஸ்!" ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே எழுதியதைப் பயிற்சியில் படித்திருந்தேன்: ஆறேழு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு உயரம்தான் அளவு. படித்திருந்தும் "ரெண்டும் ஒரே தண்ணிதானே?" என்று நாலைந்து முறை வாதாடினேன். பாவம், என்மேல் இரக்கப்பட்டுத் தலையாட்டினாள். நான் நகர்ந்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் உயரத் தம்ளரைக் காட்டி, "இதுதான் நிறைய" என்றாள்.

எண்களிலும் இதே கதைதான். இருபதுவரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் "நாலு பொத்தான் எடுத்துக் கொடு" என்றால் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது பாட்டு மாதிரி; எண்ணுவது வேறு வேலை. ஆறு பொம்மைகளைப் படுக்கவைத்து ஆளுக்கொரு துணி போர்த்தும்போது ஒன்றுக்குத் துணி இல்லாமல் போகிறதே, அந்த இடத்தில்தான் எண் பிறக்கிறது.

"இன்னைக்கும் விளையாட்டு மட்டும்தானா? எழுத்து எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்கும் பெற்றோர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். களிமண் பிசைந்து, காகிதம் கிழித்து, மணி கோத்து விரல்கள் பலப்படுவதை எந்த நோட்டில் காட்டுவது?

அதற்காகப் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிட்டு நாம் ஓரமாக உட்கார்ந்துவிடுவதும் இல்லை. காலையில் எதை எடுத்து வைக்கிறோம், எதை எடுத்து வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் என் வேலையில் பாதி இருக்கிறது. முன்பெல்லாம் சண்டை வரக்கூடாதென்று ஆளுக்கொரு வாளி வைப்பேன். சண்டை வரவில்லை, பேச்சும் வரவில்லை. இப்போது இரண்டு பேருக்கு ஒரு வாளி. கொஞ்சம் இழுபறி, சில நாள் அழுகையும் உண்டு. ஆனால் "நீ பிடிச்சுக்கோ, நான் ஊத்தறேன்" என்ற வாக்கியம் எங்கள் வகுப்பில் முதன்முதலாகக் கேட்டது அந்த ஒற்றை வாளியைச் சுற்றித்தான். சில நாள் எதுவுமே நடக்காது, மணலை வாரி இறைப்பதோடு சரி.

பிள்ளைகளிடம் கை கட்டு, வாய் பொத்து என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இப்போது அது எனக்குத்தான் தேவைப்படுகிறது. கை தானாக நீண்டுவிடும் என்ற பயத்தில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். போன வாரம் தண்ணீர்த் தொட்டியருகே அப்படி நின்றபோது ஒரு குட்டிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மிஸ் கை கட்டிட்டு நிக்கறீங்க? யாராவது திட்டினாங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"சரி, நீங்களும் ஊத்துங்க."