“எனக்குக் கணக்கு வராது”: வீட்டுப் படிப்பு நாட்குறிப்பு

6 ஜூலை 2025, ஞாயிறு

மூத்தவள் கடன் வாங்கிக் கழித்தலுக்கு வந்திருக்கிறாள். இதுவரை விருப்பமாகக் கணக்குப் போட்டவள், இன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, எனக்குக் கணக்கு வராது” என்றாள். ஏழு வயதுக் குழந்தை தன்னைப் பற்றி இப்படியொரு முடிவுக்கு வருவதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்பும் குழந்தை, கடினமான கணக்கு தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி ஒதுங்குகிறது. பயிற்சியாலும் சரியான வழிமுறையாலும் திறமை வளரும் என்று நம்பும் குழந்தையோ, அதே கணக்கோடு இன்னும் சிறிது நேரம் மல்லுக்கட்டிப் பார்க்கிறது. உளவியலாளர் கரோல் டுவெக் வளர்ச்சி மனப்பான்மை என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

8 ஜூலை, செவ்வாய்

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறாள். எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். “2-ல 7 போகாது. அதனால 7-ல 2-ஐ எடுத்தேன், 5 வந்துச்சு. 4-ல 1 போனா 3” என்றாள். இது கவனக்குறைவு அல்ல. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று இதுவரை அவளுக்குக் கைகொடுத்த விதியை, அது செல்லாத இடத்துக்கும் கொண்டுவந்திருக்கிறாள்; பல பிள்ளைகள் இந்த இடத்தில் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். கேட்காமல் அழித்திருந்தால் அவளுடைய யோசனை எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

“35-ஓட 17-ஐக் கூட்டிப் பாரு” என்றேன். 52 வந்தது, 42 வரவில்லையே என்று அவளே கணக்கைத் திரும்பப் பார்த்தாள். பிறகு குச்சிகளை எடுத்து, பத்துப் பத்தாக நான்கு கட்டுகளும் உதிரியாக இரண்டும் வைத்தோம். ஏழு எடுக்க வேண்டும், உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கட்டின் ரப்பர் வளையத்தை உருவினாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, மீதியிருந்த மூன்று கட்டுகளில் ஒன்று போக இரண்டு, 25. “உதிரி போதாதுன்னதும் கட்டைப் பிரிச்சே பாரு, அதுதான் இந்தக் கணக்கோட சூட்சுமம்” என்றேன்.

12 ஜூலை, சனி

செவ்வாயன்று மூத்தவள் கட்டைப் பிரித்தபோது கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். 1998-இல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வுதான் நான் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, சிலரை அறிவாளிகள் என்றும் சிலரை நன்றாக உழைத்தார்கள் என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தோற்றபின், அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களே அதிகம் சோர்ந்தார்கள். பிறகு கொடுத்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். அறிவாளி என்ற பெயரைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு குழந்தையை நம் பாராட்டே தள்ளக்கூடும் என்பது என்னை இன்றும் உலுக்குகிறது.

13 ஜூலை, ஞாயிறு

சின்னவனுக்கு மூன்று வயது. அடுக்கிய கட்டைகள் சரிந்ததும் பெரியதை அடியில் வைத்து மறுபடி தொடங்கினான். “பெரியதை முதலில் வைத்தாய்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

17 ஜூலை, வியாழன்

மூத்தவளின் சொல்வதெழுதுதல் தாளில் பாதிக்குமேல் சிவப்பு. தாளை நீட்டும்போது அவள் பார்த்தது என் முகத்தைத்தான். கைலா ஹைமோவிட்ஸும் டுவெக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணத்தைப் பற்றியதே. அறிவு வளரும் என்று பெற்றோர் மனத்துக்குள் நம்புவது பிள்ளைகளுக்கு எளிதில் எட்டுவதில்லை. தோல்வியைக் கண்டு பெற்றோர் பதறுகிறார்களா, அதிலிருந்து என்ன கற்கலாம் என்று பார்க்கிறார்களா என்பதுதான் எட்டுகிறது. ஆகவே மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. எந்தெந்தச் சொற்கள் ஒரே விதமாகத் தவறியிருக்கின்றன என்று இருவரும் தேடினோம். பெரும்பாலானவை ஒற்று விட்டுப்போனவை. அத்தனை தவறுகளும் ஒரே தவறு என்று தெரிந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

23 ஜூலை, புதன்

வளர்ச்சி மனப்பான்மையை மந்திரம்போல் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மனப்பான்மையைக் கற்பிக்கும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளியை (பாடத் தரங்களை ஏறத்தாழ நான்குக்குக் கணக்கிடும் சராசரி) சுமார் 0.1 அளவுக்கு உயர்த்தியது. சிறிய பலன்தான், ஆனால் உண்மையான பலன். வழி தெரியாமல் நிற்கும் குழந்தையிடம் “முயற்சி செய், முயற்சி செய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை என்றே கருதுகிறேன்; உழைப்பை மட்டும் புகழ்வது போதாது என்று டுவெக்கே எச்சரித்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குத் தேவை வேறொரு வழி, அல்லது ஒரு சிறு குறிப்பு, சில நாள்களில் வெறும் தூக்கம்.

அடுத்து மூத்தவள் 403-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டியிருக்கும். நடுவில் பூச்சியம் இருப்பதால் பிரிப்பதற்குப் பத்துக் கட்டே இராது, நூறைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டும் வேலையை நாளை மாலை அவளிடமே கொடுக்கப்போகிறேன்.