‘பலம்: நேர்மை, கடின உழைப்பு’ என்று எழுதிக் கோட்டைவிட்ட கதை

போன மாதம்தான் ஆர்டர் கைக்கு வந்தது. ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட்டாக இருந்தவன் ஸ்டோர்ஸ் ஆபீசர் ஆகியிருக்கிறேன். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சோறு. 2023-ல் ஒரு தடவை மனுப் போட்டுத் தோற்று, இரண்டாவது தடவைதான் கிடைத்தது. மனுவோடு தருகிற செல்ஃப் அப்ரைசல் ஃபார்மை (நம்மை நாமே மதிப்பிட்டு எழுதுவது) அடுத்து நிரப்பப் போகிறவர்கள் நான் விழுந்த குழியிலேயே விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பலம் மூன்று, முன்னேற வேண்டிய இடம் மூன்று, கடந்த ஆண்டில் செய்தது என்ன. 2023-ல் அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிரப்பினேன். பலம்: நேர்மை, கடின உழைப்பு, காலந்தவறாமை. பலவீனம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் செல்போனில் தேடி, ‘எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று நினைப்பது’ என்று எழுதினேன். பலவீனம் மாதிரியும் இருக்கும், பெருமை மாதிரியும் இருக்கும், ரொம்ப புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

அந்த வருடம் மனுப் போட்டது ஐந்து பேர். அதில் மூன்று பேர் அதே பலவீனத்தை எழுதியிருந்தோம். எல்லோர் வீட்டிலும் ஒரே இன்டர்நெட்தானே.

இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஃபார்மைப் பார்த்துவிட்டு, “காலந்தவறாமைன்னு போட்டிருக்கீங்க. பஞ்சிங் மெஷின்ல அது எங்களுக்கே தெரியுது. வேற சொல்லுங்க” என்றார். கடின உழைப்பு என்றேன். “சரி. போன மாசம் எந்த நாள், எந்த வேலைல?” என்று கேட்டார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பதினான்கு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு ஒரு நாள் ஞாபகம் வரவில்லை. கடைசியில், “எல்லா நாளும்தான் சார்” என்றேன். அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கிடைக்கவில்லை. சிபாரிசு, ஜாதி, ஆங்கிலம் என்று ஒரு மாதம் எல்லாவற்றையும் திட்டினேன். திட்டி முடித்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நின்றது: எந்த நாள், எந்த வேலையில்?

என் அக்கா பையன் காலாப்பட்டில், பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் பீட்டர் டிரக்கர் என்று ஒரு மேலாண்மை அறிஞரின் வழியைச் சொன்னான். ஒரு முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். 9 மாதமோ 12 மாதமோ கழித்து, நடந்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். எது நமக்குக் கை வந்த வேலை, எது இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். “மாமா, நீ உன்னைப் பத்தி நினைக்கிறதை எழுதாத. நடந்ததை எழுது” என்றான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஷிப்ட் முடிந்ததும் ஐந்து வரி. முதல் இரண்டு மாதம் எழுதியது முழுக்கக் குப்பை. யார் திட்டினார், யார் இன்டென்ட்டில் (பொருள் கேட்டு வரும் சீட்டு) கையெழுத்து இல்லாமல் வந்து சண்டை போட்டார், இதுதான். நீங்கள் ஆரம்பித்தாலும் இப்படித்தான் வரும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். மனசில் இருக்கும் கசடு போன பிறகுதான் வேலை வெளியே தெரியும்.

மூன்றாவது மாதம் அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப் போக மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளில் பிளான்ட்டிலிருந்து 41 போன். நோட்டுக்காகவே எண்ணினேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: “அண்ணே, அது எங்க இருக்கு?” மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, “மூணாவது ரேக், கீழ் தட்டு, நீல டப்பாவுக்குப் பின்னாடி” என்று சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. நாலாயிரம் ஐட்டம் தலையில் இருக்கிறது, என் பலமே ஞாபகசக்திதான் என்று அன்று ராத்திரி பெரிய எழுத்தில் எழுதினேன்.

அந்த வரியை நானே அடித்துவிட வைத்தவர்கள் இரண்டு பேர்.

உங்கள் பலம் என்ன என்று கூட வேலை செய்கிறவர்களிடம் நேரடியாகக் கேட்காதீர்கள். “உனக்கென்னண்ணே, தங்கமான மனுஷன்” என்று சொல்லி டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கேட்டது வேறு: நான் லீவு போட்டால் உனக்கு எது நின்றுபோகும்? ஸ்டோர்ஸில் எனக்குக் கீழே இருக்கும் தம்பி தயங்கித் தயங்கி, “நீங்க இல்லைன்னா எல்லாமே நிக்குதுண்ணே. நீங்க யாருக்கும் சொல்லித் தர்றதில்ல, எழுதியும் வைக்கிறதில்ல” என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு பொருளின் வரவு, போக்கை எழுதி ரேக்கிலேயே வைக்கும் ‘பின் கார்டு’ இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். பாதி கார்டில் கடைசி பதிவு ஆறு மாதத்துக்கு முந்தையது. கம்ப்யூட்டரில் ஸ்டாக் சரியாகத்தான் இருந்தது, எந்த ரேக்கில் என்பது மட்டும் என் மண்டைக்குள் இருந்தது. நான் பலம் என்று நினைத்தது கம்பெனிக்குத் தலைவலி. அப்படிப்பட்டவனை ஆபீசர் ஆக்கினால் ஸ்டோர்ஸ் என்ன ஆகும் என்று 2023 இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் யோசித்திருந்தால் தப்பில்லை.

அடுத்தது மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவர் சொன்னது: “நீ இல்லன்னா பொருள் கிடைக்கும்பா. தப்பான பொருள் கிடைக்கும்.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பேரிங் ஒன்று உடைந்து, நம்பர் தேய்ந்துபோய்க் கொண்டு வருவார்கள். வெர்னியர் வைத்து உள்விட்டம் பார்த்தால் 25 மி.மீ. ஐந்தால் வகுத்தால் ஐந்து, ஆக நம்பர் 05-ல் முடியும். இது எல்லா ஸ்டோர்ஸ்காரனுக்கும் தெரியும். ஆனால் 6205-க்கும் 25தான், 6305-க்கும் 25தான். வெளிவிட்டம் முதலாவதுக்கு 52, இரண்டாவதுக்கு 62. அதையும் அளந்துவிடலாம், அதோடு முடியாது. அந்த பேரிங் சூடாக ஓடுகிற இடத்தில் உட்காரப் போகிறதென்றால், விரிவதற்கு உள்ளே கூடுதல் இடைவெளி உள்ள சி3 வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே சத்தம் கொடுக்கும், மறுபடி பம்ப்பை நிறுத்த வேண்டும்.

“நீ எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னாடி ‘எங்க போடப் போற?’ன்னு ஒரு கேள்வி கேப்பியே, அதை வேற யாரும் கேக்கறதில்ல” என்றார் ஃபிட்டர்.

அப்படிக் கேட்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால் அது எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது. முன்னாடி புதுச்சேரியில் வேலை செய்த கம்பெனியில் என் சீனியர் ஒருவர். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்துக் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்துபோன நாட்கள். ஜெனரேட்டரும் பம்ப்பும்தான் கதி. ஸ்டாக்கில் அந்த அளவு வி-பெல்ட் மூன்று, கேட்டு வந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் சீட்டோடு வந்தவரைக்கூட உட்கார வைத்து, “எங்க போடப் போற தம்பி?” என்று கேட்டுத்தான் கொடுத்தார் அவர். நான் பக்கத்தில் நின்று ரிஜிஸ்டர் எழுதினேன், அவ்வளவுதான். அது என்னிடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு செய்த வேலை சொல்ல ஒரு வரிதான்: ரேக் நம்பர் எழுதி ஒட்டினேன், ஐட்டம் வாரியாக ‘எந்த மெஷின், எந்த இடம், எதைப் போடக்கூடாது’ என்று தமிழில் ஒரு லெட்ஜர் போட்டேன், தம்பியைக் கேள்வி கேட்கப் பழக்கினேன். செய்ய ஒரு வருடம் ஆனது. நோட்டில் நான் எழுதிய எதிர்பார்ப்பு: ‘நான் மூன்று நாள் இல்லாவிட்டாலும் பத்து போனுக்கு மேல் வரக்கூடாது.’

அதற்குப் பரீட்சை வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து, தென்பெண்ணை எங்கள் ஊர் குண்டு உப்பலவாடி பக்கம் ஏறிவிட்டது. சாமான்களைப் பரணில் ஏற்றி, அம்மா அப்பாவை மஞ்சக்குப்பத்தில் சித்தப்பா வீட்டில் விட்டேன். போனில் சார்ஜ் இல்லை, டவரும் இல்லை. மூன்றாம் நாள் டவர் கிடைத்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டால் தம்பி சாவகாசமாக, “ஒரு பம்ப் பேரிங் போச்சுண்ணே. எங்க போடப் போறீங்கன்னு கேட்டேன், ஹாட் ஆயில் லைன்னாங்க. லெட்ஜர் பாத்து சி3 குடுத்துட்டேன். உங்க வீட்ல தண்ணி வடிஞ்சிதா?” என்றான். அன்றைக்கு நோட்டு எங்கோ பரண் மேல் நனைந்துகிடந்தது. ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன்: போன் 0. (டவர் இல்லாததால் 0 என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.)

2025-ல் மறுபடி ஃபார்ம். இந்தத் தடவை பலம் கட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதினேன். பொருளைக் கொடுக்கும் முன் எங்கே போடப் போகிறார்கள் என்று கேட்பது, தேதியோடு மூன்று சம்பவம். முன்னேற வேண்டிய இடத்தில், எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம், அந்த 41 போன், அதற்கு என்ன செய்தேன். எழுதியதை அக்கா பையனிடம் காட்டினேன். “ரொம்ப சின்னதா இருக்கே மாமா” என்றான். இருக்கட்டும்டா என்றேன்.

ஃபார்ம் தேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. ஆபீசர் பதவிக்கு 12 வருட அனுபவத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம். இங்கே 2016-லிருந்து இருக்கிறேன், மீதிக்குப் பழைய புதுச்சேரி கம்பெனியின் அனுபவச் சான்று வேண்டும். விட்டு வரும்போது வாங்காதது என் முட்டாள்தனம். வேலையை விடுகிற அன்றே வாங்கிவிடுங்கள், சம்பள பாக்கியைவிட முக்கியம்.

லீவு போட்டு பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனால் பழைய ஷெட்டில் வேறு யாரோ தண்ணீர் கேன் அடுக்கிவைத்திருக்கிறார்கள். கம்பெனி மூடி மூன்று வருடம் ஆயிற்றாம். முதலாளியின் இன்னொரு ஆபீஸ் ஊருக்குள் இருக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். அங்கே போனால் கிளார்க் தலையைத் தூக்காமல், “லெட்டர்ஹெட் இல்ல சார். பழைய கம்பெனி லெட்டர்ஹெட்லதானே குடுக்கணும்? அடுத்த வாரம் வாங்க” என்றார். அடுத்த வாரம் போனேன். “கையெழுத்துப் போடுறவர் ஊர்ல இல்ல.” மூன்றாவது தடவை நான் ஏழு வருடம் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார். அந்த ஆதாரத்தைத்தானே ஐயா உங்களிடம் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அதற்கும் தலையைத் தூக்கவில்லை. மூன்று லீவு போனது.

கடைசியில் காப்பாற்றியது பி.எஃப். யூ.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு நம்பரை வைத்து அவர்கள் வெப்சைட்டுக்குள் போனால் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தோம், எப்போது விட்டோம் என்று காட்டும். எனக்குச் சேர்ந்த தேதி 2009 என்று சரியாக இருந்தது, விட்ட தேதி காலி. பழைய கம்பெனி ஏற்றவே இல்லை. ஆனால் கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் தாண்டியிருந்தால் நாமே ‘மார்க் எக்ஸிட்’ போய்ப் போட்டுக்கொள்ளலாம், ஆதாரில் உள்ள போனுக்கு ஓ.டி.பி. வரும். ஒன்று மட்டும் கவனம்: போட்ட தேதியை அப்புறம் திருத்துவது லேசில்லை. பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் விழுந்த மாதத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அந்தப் பிரின்ட்டையும் பழைய ஐ.டி. கார்டையும் சேர்த்து வைத்தேன். ஹெச்.ஆரில் முதலில் “லெட்டர்ஹெட்ல இருந்தாதான் எடுப்போம்” என்றார்கள். கம்பெனியே மூடிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

இன்டர்வியூ பத்து நிமிடம்கூட இல்லை. அதே நடு நாற்காலி, அதே மனிதர். “எந்த நாள்?” என்று கேட்கவே இல்லை, ஃபார்மில் தேதி இருந்தது. தம்பி தனியாக ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட அந்த மூன்று நாளைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆர்டரோடு வந்த குறிப்பில் ஆங்கில மெயில் எழுதப் பழக வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நியாயம்தான், என் மெயில் தந்தி மாதிரி இருக்கும். புது நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டேன்.

ஆர்டர் வாங்கிய பதினோராம் நாள் புதுச்சேரியிலிருந்து போன். “சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி. எப்ப வர்றீங்க?” இன்னொரு லீவு போட மனசு வரவில்லை. கூரியரில் அனுப்பச் சொன்னேன். காசு யார் கொடுப்பது என்று கேட்டார். நான் தருகிறேன் என்று சொல்லி உடனே ஜிபேயும் பண்ணிவிட்டேன். இன்னும் வரவில்லை.