வென்டிலேட்டரில் தம்பி, பில்லிங் கவுன்டரில் நாங்கள்

சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவுமில்லாத 34 வயதுத் தம்பிக்கு வந்தது பன்றிக் காய்ச்சல் என்று எங்கள் ஊர் மருத்துவமனையில் யாரும் முதலில் சந்தேகிக்கவில்லை. மூக்கில் எடுத்த விரைவுப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றதும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான டாமிஃபுளுவைத் தொடங்காமலே விட்டார்கள். அந்தப் பரிசோதனை நோய் இருக்கும்போதே இல்லையென்று காட்டக்கூடியது. மூச்சுத் திணறலோடு வருபவருக்கு ஆர்டி-பிசிஆர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் முறை. வென்டிலேட்டர் வைத்தபின், மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த சளியில்தான் பன்றிக் காய்ச்சல் வைரஸான எச்1என்1 உறுதியானது.

நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தும் பலனில்லை. இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை, கொடுக்கும் பிராணவாயுவின் அளவோடு ஒப்பிடும் பி-எஃப் விகிதம் 100-க்குக் கீழே போனாலே நுரையீரல் பாதிப்பு கடுமையானது என்பார்கள். அவனுக்கு 70-ஐத் தாண்டவில்லை. எக்மோவுக்கு அனுப்பலாம் என்றார்கள். அது வைரஸைக் கொல்லாது. இரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பி, நுரையீரலுக்கு ஓய்வு தரும், அவ்வளவே.

சென்னை எக்மோ மருத்துவர் தொலைபேசியில் கேட்டவை வென்டிலேட்டர் அளவுகளும், இரத்த வாயு அளவுகளைக் காட்டும் கடைசி ஏபிஜி அறிக்கைகளும், எக்ஸ்ரேயும். அதிக அழுத்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தவருக்கு எக்மோவால் பலன் குறையும் என்பதால், அவற்றைப் பார்க்காமல் அவர் முடிவு சொல்ல முடியாது. ஆனால், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வந்து பில் முடியும்வரை ஒரு ஜெராக்ஸ்கூடத் தர இயலாது என்றார் பில்லிங் ஊழியர். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியை எழுதிக் கொடுத்தோம். 72 மணி நேரம் யாருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கடைசியில் இரவுப் பணி மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து, படுக்கையின் காலடியில் தொங்கிய குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டிப் படமெடுக்கச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிறிது நேரத்தில் சென்னைக் குழு கிளம்பிவிட்டது. இங்கேயே குழாய்களைப் பொருத்தி ஆம்புலன்ஸில் கொண்டுசென்றார்கள்.

ஆகவே, ஏபிஜி முடிவுகளை அன்றன்றே கேட்டுப் படமெடுத்து வையுங்கள். "எக்மோ தேவைப்படுமா, எங்கே அனுப்புவீர்கள்?" என்று வென்டிலேட்டர் வைக்கும்போதே கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால் எக்மோவில் இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால், இரத்த தானம் செய்ய நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள்.

தம்பி பிழைத்து வீடு திரும்பிவிட்டான். வென்டிலேட்டர் குறிப்பேடு இல்லையென்று காப்பீட்டு நிறுவனம் திருப்பியனுப்பிய கோப்பில் அதே படங்களை அச்செடுத்து இணைத்தோம், மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள்.